நன்னடத்தை இல்லத்தில் விதி மீறப்படும்போது

குற்றம் புரிந்த ஒருவரைச் சிறைக்கு அனுப்பாமல், ஓர் உத்தியோகத்தரின் கண்காணிப்பில் வெளியிலேயே வாழவிட்டுத் திருத்த முயலும் முறையை நன்னடத்தை முறை என்கிறோம். அவ்வாறு விடப்படுவோருட் சிலருக்கு வீடு இல்லை. சிலருக்கு வீடு இருந்தும், அந்த வீடே அவர்களுடைய கேட்டுக்குக் காரணமாக இருக்கும். இத்தகையோர் ஒரு குறிப்பிட்ட இல்லத்திற் சிறிது காலம் தங்கி வாழ வேண்டுமென்று விதிக்கப்படுவதுண்டு. மாலையில் இன்ன நேரத்துக்குள் திரும்ப வேண்டும், மது அருந்தலாகாது, சொல்லாமல் வெளியேறலாகாது என்று அங்கே விதிகள் இருக்கும். விதி உள்ள இடத்தில் மீறலும் உண்டு. மீறியவரை என்ன செய்வது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

பதுளையில் ஓர் அரசாங்கப் பாடசாலையின் அதிபருக்கு இவ்விடயத்தில் என்ன வேலை என்று நீங்கள் வினவலாம். பசறை, ஹாலி-எல, தெமோதரை, லுணுகலை ஆகிய பகுதிகளின் தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகளுட் சிலருடைய பெயர்கள் எங்கள் இடாப்பிலிருந்து நீதிமன்றப் பதிவேட்டுக்கு இடம்மாறிவிடுகின்றன. அப்பொழுது நன்னடத்தை உத்தியோகத்தர் பாடசாலைக்கு வருகிறார். பையன் எப்படிப்பட்டவன், ஒழுங்காக வந்தானா, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறார். முப்பது ஆண்டுகளாக இக்கேள்விகளுக்கு விடை சொல்லி வந்தவன் என்ற ஒரே தகுதியைக் கொண்டு பேசுகிறேன்.

இம்முறையின் பிறப்பே ஒரு வீட்டோடு தொடர்புடையது. 1841 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரத்திற் சப்பாத்துத் தைக்கும் தொழிலாளர் ஒருவர், ஜோன் ஒகஸ்டஸ் என்பவர், குடிவெறிக்காகச் சிறை செல்லவிருந்த ஒருவனைத் தம் பொறுப்பில் விடும்படி நீதிமன்றத்தைக் கேட்டுக்கொண்டார். மூன்று வாரங்கழித்து அவன் தெளிந்த மனிதனாக வந்து நின்றான். ஒரு சதம் தண்டமும் வழக்குச் செலவும் மட்டுமே விதிக்கப்பட்டன. அடுத்த பதினெட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ இரண்டாயிரம் பேரை அவர் இவ்வாறு பொறுப்பேற்றார். போக்கிடமற்ற பலரைத் தம் வீட்டிலேயே தங்கவைத்தார்.

நம் நாட்டில் 1944 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் மூலம் நன்னடத்தை முறை சட்டவடிவம் பெற்றது. சிறைச்சாலை நிருவாகத்தோடு இணைந்திருந்த இப்பணி 1956 இல் தனித் திணைக்களமாயிற்று. 1987 இல் இயற்றப்பட்ட பதின்மூன்றாந் திருத்தத்தின் பின் மாகாணங்களின் பொறுப்புக்கு வந்தது. ஆதலால் ஊவா மாகாணத்துக்கெனத் தனியாக ஒரு நன்னடத்தைத் திணைக்களம் இயங்குகிறது. இங்கே ஒரு மயக்கத்தை நீக்கிவிடுகிறேன். பதுளைப் பகுதியில் உள்ள தல்தெனையில் இளங்குற்றவாளிகளுக்கான சீர்திருத்த நிலையம் ஒன்று உண்டு. நம்மவர் பலர் இவையெல்லாம் ஒன்றே என்று எண்ணுகிறார்கள். தல்தெனை நிலையம் சிறைச்சாலைத் திணைக்களத்தைச் சேர்ந்தது. தண்டனை பெற்றவர் செல்லுமிடம். நன்னடத்தைக் கட்டளையின்கீழ்த் தங்குமிடமோ, சிறைக்குச் செல்லாமற் காக்கப்பட்டவருக்கு உரியது. இந்த வேறுபாட்டை அந்த இல்லங்களை நடத்துவோரே சில வேளைகளில் மறந்துவிடுகிறார்கள். என் பேச்சின் மையம் அதுதான்.

முதலில் விதிகளையே எடுத்துக்கொள்வோம். சுவரில் தொங்கும் விதிப் பலகையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். விடுதிகளில், பாடசாலைகளில், வைத்தியசாலைகளில் எங்கும் அது உண்டு. ஆண்டுதோறும் அதில் ஒரு வரி கூடுமேயன்றிக் குறைவதில்லை. எப்போதோ ஒருவன் செய்த குறும்புக்காகச் சேர்த்த வரி, அவன் போன பின்னும் அங்கேயே நிற்கும். 1990 ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட தோக்கியோ விதிகள் சிறையல்லாத நடவடிக்கைகளைப் பற்றியவை. நிபந்தனைகள் நடைமுறைக்கு ஏற்றனவாகவும், தெளிவாகவும், இயன்ற அளவு குறைவாகவும் இருக்க வேண்டுமென்று அவை கூறுகின்றன. அவற்றைத் தொடக்கத்திலேயே வாய்மொழியாகவும் எழுத்திலும் விளக்க வேண்டும் என்பதும் அங்கே உண்டு. விளக்குவதென்றால் அவனுக்கு விளங்கும் மொழியில் அல்லவா? பதுளை மாவட்டத்திற் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிருவாகப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டுள்ளன. எனினும் தோட்டத்துப் பையன் மலையிறங்கி வேறு மாகாணத்து இல்லமொன்றுக்குச் செல்லும்போது, அந்தப் பிரகடனம் அவனோடு பேருந்தில் ஏறிச் செல்வதில்லை. வாசிக்கத் தெரியாத மொழியில் தொங்கும் பலகையின் பன்னிரண்டாம் வரியை அவன் மீறினான் என்று குற்றஞ்சாட்டுவது எவ்வளவு பொருந்தும்?

இதனை மலைநாட்டு மக்கள் பிறரைவிட விரைவாக விளங்கிக்கொள்வர். கண்காணிப்பின்கீழ் வாழ்ந்த வரலாறு அவர்களுடையது. பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்கள் வரிசையாய் அமைந்த லயம், விடியுமுன் பிரட்டுக்கு ஆளைக் கூட்டும் தப்பொலி, மேலே துரை பங்களா, நடுவே கங்காணி. 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டத்தின் கீழ், தோட்டத்தை விட்டுச் சொல்லாமற் போவதும் தக்க காரணமின்றி வேலைக்கு வராதிருப்பதும் சிறைத்தண்டனைக்குரிய குற்றங்களாயிருந்தன. கங்காணியின் கடன்கணக்கைக் காட்டும் ‘துண்டு’ இல்லாமல் ஒருவன் வேறு தோட்டத்தில் வேலை பெற முடியாது. ஏன் போனான் என்று எவரும் கேட்கவில்லை. போனான் என்பதே போதுமாயிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் இருபதுகளின் தொடக்கத்திலேதான் துண்டு முறையும் அத்தண்டனைகளும் நீங்கின. நன்னடத்தை இல்லத்தில் இருப்பவன் ஒரு குற்றத்துக்காக அங்கே இருக்கிறான். தோட்டத்துத் தொழிலாளி எக்குற்றமும் செய்தவனல்லன். இரண்டையும் ஒன்றாக்க நான் முனையவில்லை. ஆனால், ‘போனான்’ என்பதோடு விசாரணையை முடித்துக்கொள்ளும் பழக்கம் எவ்வளவு கொடியதென்பதை அந்த வரலாறு காட்டுகிறது.

நான் அறிந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டா. பதினேழு வயதுப் பையன். தோட்டத்து இஸ்டோரிலிருந்து செப்புக்கம்பி திருடிய மூவருள் இளையவன். முதற்குற்றம் என்பதால் நன்னடத்தைக் கட்டளையின்கீழ் விடப்பட்டு, தொலைவிலிருந்த ஓர் இல்லத்திற்கு அனுப்பப்பட்டான். தாய் வெளிநாட்டில் வீட்டுப் பணிப்பெண். தந்தை வேறொரு குடும்பத்தோடு போய்விட்டார். அவனை வளர்த்தவர் அப்பாயி. இல்லத்தில் ஐந்து மாதம் ஒரு குறையுமின்றி இருந்தான். ஒரு நாள் மாலை, அப்பாயி இறந்துவிட்டார் என்ற செய்தி உடன் இருந்த ஒருவனின் வீட்டார் வழியாக வந்தது. பொறுப்பாளர் அன்று இல்லை. இரவுக் காவலரிடம் சொன்னான். பாதி கையாலும் பாதி வாயாலும் சொன்னான். காலையில் ஐயாவிடம் கேள் என்றார் அவர். மறுநாள் நண்பகலில் அடக்கம். பையன் பின்மதிலேறிக் குதித்தான்.

பதுளைக்கு ஒரு பேருந்து, அங்கிருந்து இன்னொன்று, பின்னர் மலைப்பாதையில் மூன்று மைல் நடை. பேரன் என்ற முறையில் மண் போட்டான். மூன்றாம் நாள் பால் தெளித்தான். அன்று பிற்பகலே மாமாவைக் கூட்டிக்கொண்டு நன்னடத்தை அலுவலகத்துக்குத் தானாகவே வந்து நின்றான். இதற்கிடையில் இல்லத்திலிருந்து அறிக்கை சென்றுவிட்டது. அதிலிருந்தது ஒரே சொல்: தப்பியோடினார்.

நேயர்களே, அந்த அறிக்கையில் பொய் ஒன்றுமில்லை. மதிலேறியதும் உண்மை, மூன்று இரவு இல்லாததும் உண்மை. அந்த ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு நீதிமன்றம் கட்டளையை நீக்கிப் பழைய குற்றத்துக்குத் தண்டனை விதித்திருந்தால், சட்டப்படி யாரும் குறைகூற இயலாது. நல்வாய்ப்பாக உத்தியோகத்தர் பையனை இருத்திவைத்து அரைமணி நேரம் கேட்டார். தோட்டத்துக்குச் சென்றார். தோட்ட அலுவலகத்தில் இறப்பு பற்றிய பதிவைப் பார்த்தார். எங்கள் பாடசாலைக்கும் வந்தார். பிறகு இரண்டாவது அறிக்கையொன்றை எழுதினார். நீதவான் எச்சரித்துக் கட்டளையைத் தொடரவிட்டார். இல்லத்தில் அவனுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வெளியே செல்லும் அனுமதி நிறுத்தப்பட்டது. அது சரியே என்பது என் கருத்து. காரணம் நல்லதாயினும் மதில் மதில்தான். மற்றைப் பத்தொன்பது பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆயின், இரவில் வரும் சாவுச் செய்தியை யாரிடம் சொல்வது என்பதற்கு அந்த இல்லத்தில் ஒரு வழியும் இல்லாதிருந்ததே, அதற்கு எத்தனை ஞாயிற்றுக்கிழமை?

தோக்கியோ விதிகளின் பதினான்காம் பகுதி இதைத்தான் பேசுகிறது. நிபந்தனை மீறப்பட்டால் கட்டளையை மாற்றலாம், நீக்கலாம். ஆனால் கண்காணிக்கும் உத்தியோகத்தரும் மீறியவரும் முன்வைக்கும் உண்மைகளை நன்கு ஆராய்ந்த பின்னரே அதைச் செய்ய வேண்டும். கட்டளை பலிக்கவில்லை என்ற காரணத்தால் மட்டும் சிறை தானாகவே பின்தொடரலாகாது. இந்தியாவின் 1958 ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவிலும் இக்கருத்தின் சாயல் தெரிகிறது. முதன்முறை மீறியவருக்குப் பிணையைத் தொடரவிட்டு, ஐம்பது ரூபாவுக்கு மேற்படாத தண்டம் விதிக்க அங்கே நீதிமன்றத்துக்கு இடமுண்டு. ஐம்பது ரூபா இன்று ஒரு சிறுதொகையே. அந்தச் சிறுதொகையின் பெருமை, முதல் மீறலுக்கும் சிறைக்கும் இடையில் ஒரு படியை வைத்ததில் இருக்கிறது.

அப்படியானால் சிறிய மீறல்களைக் கண்டும் காணாமலும் விடலாமா? கூடாது. இது பற்றி உலகில் ஆராய்ந்திருக்கிறார்கள். 2004 ஆம் ஆண்டில் ஹவாய் மாநிலத்திலே ஸ்டீவன் ஆம் என்னும் நீதிபதி ஒரு முறையைத் தொடங்கினார். நன்னடத்தையில் உள்ளவர் எத்தனை தடவை மீறினாலும் நெடுநாள் ஒன்றும் நடவாமல், பிறகு திடீரென்று பல ஆண்டுச் சிறை வந்து விழுவதை அவர் கண்டார். அதற்கு மாறாக ஒவ்வொரு மீறலுக்கும் உடனே, தவறாமல், ஆனால் சில நாட்கள் மட்டும் சிறை என்று ஏற்படுத்தினார். 2009 இல் வெளிவந்த ஆய்வு நல்ல பலனைக் காட்டியது. பல மாநிலங்கள் பின்பற்றின. ஆயினும் 2016 இல் வேறு நான்கு இடங்களில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு வந்தபோது, மீண்டும் குற்றத்திற் பிடிபடுவது பழைய முறையைவிடக் குறிப்பிடத்தக்க அளவு குறைந்ததாகத் தெரியவில்லை. விரைவும் உறுதியும் வேண்டும். அவை மட்டும் போதா என்றுதான் நான் இதனை விளங்கிக்கொள்கிறேன். ரொம் டைலர் என்னும் அறிஞர், மக்கள் சட்டத்துக்கு ஏன் பணிகிறார்கள் என்பதைப் பற்றி 1990 இல் எழுதிய நூலில், தண்டனை அச்சத்தைவிடத் தம்மை முறையாக நடத்தினார்கள் என்ற உணர்வே பெரிதும் பணியவைக்கிறது என்று காட்டியுள்ளார். வகுப்பறையில் நின்றவர்களுக்கு இது புதிய செய்தியன்று. ஏழரை மணிக்கு வாயிற்கதவைப் பூட்டிவிடுவது எளிது. மேற்பிரிவிலிருந்து நான்கு மைல் நடந்து வந்தவனும், கடைத்தெருவில் நின்றுவிட்டு வந்தவனும் அப்போது ஒரே கதவின் வெளியே நிற்பார்கள். முன்னவன் அடுத்த நாள் வருவதில்லை.

இனி, எவ்வகைத் தண்டனை என்பது. அடிப்பதைப் பற்றி விவாதிக்கவே இடமில்லை. நீதிமன்றம் விதிக்கும் பிரம்படியை 2005 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்கச் சட்டம் ஒழித்துவிட்டது. அதே ஆண்டிற் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை பாடசாலைகளிலும் உடற்றண்டனையைத் தடைசெய்தது. சுதந்திரம் இழந்த சிறுவர்களைப் பற்றி 1990 இல் ஏற்கப்பட்ட ஹவானா விதிகள் அடித்தல், இருட்டறையில் அடைத்தல், உணவைக் குறைத்தல், ஒருவன் செய்ததற்கு எல்லோரையும் தண்டித்தல், ஒரே குற்றத்துக்கு இருமுறை தண்டித்தல் ஆகியவற்றை விலக்குகின்றன. உள்ளே இருக்கும் மூத்த பிள்ளைகளிடம் தண்டிக்கும் அதிகாரத்தைக் கொடுக்கலாகாதென்றும் அவை சொல்கின்றன. இந்தக் கடைசி விலக்கை நம்மவர் கவனிக்க வேண்டும். ‘சட்டாம்பிள்ளை’ முறையில் வளர்ந்த நமக்கு அது இயல்பாகத் தோன்றும். பூட்டிய கதவுக்குள்ளே அது கொடுங்கோன்மையாகும்.

ஹவானா விதிகள் விலக்கும் இன்னொன்று, குடும்பத்தாரைக் காணவிடாமல் தடுப்பது. பொறுப்பாளர்கள் கைக்கு எளிதில் வரும் தண்டனை இதுவே. செலவில்லை, சத்தமில்லை. தோட்டத்திலிருந்து பிள்ளையைப் பார்க்கப் புறப்படும் ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். அன்றைக்கு அவளுக்குப் ‘பேர்’ இல்லை, கூலி போயிற்று. பேருந்துச் செலவு கடன் வாங்கியது. முதல் நாளிரவே சுட்ட உரொட்டி பையிலே. வாயிலில் வந்து நின்றபின், உங்கள் மகன் புதன்கிழமை சண்டையிட்டான், இன்று பார்க்க முடியாது என்கிறார்கள். யாருடைய தண்டனை இது? அடுத்த மாதம் அவள் வரமாட்டாள். தண்டனைக்கு முன்பிருந்த ஒரே கயிறும் அறுந்துவிடும்.

இவ்வளவும் மீறியவன் பக்கம் நின்று பேசினேன். மறுபக்கம் ஒன்றுண்டு, அதைத் தவிர்த்தால் இப்பேச்சு நேர்மையற்றதாகிவிடும். இல்லத்துக்குள்ளே கசிப்பையோ போதைப்பொருளையோ கொண்டுவருபவன், சிறியவனின் உணவையும் பணத்தையும் பறிப்பவன், இரவில் இளையவர்களைத் துன்புறுத்துபவன் ஆகியோர் செய்வது விதிமீறல் என்ற சொல்லுக்குள் அடங்காது. பிறர்மீது செய்யும் தீங்கு அது. அங்கே கேட்பதும் ஆராய்வதும் வேண்டும். ஆனால் முதலிற் செய்ய வேண்டியது துன்புற்றவனைக் காப்பது. அன்றிரவே பிரித்துவைக்க வேண்டும். எழுத்தில் அறிவிக்க வேண்டும். குற்றமாயின் பொலிசாருக்கும் நீதிமன்றத்துக்கும் செல்ல வேண்டும். இல்லத்தின் பெயர் கெடும் என்று மூடிமறைக்கும் பொறுப்பாளர் இரக்கமுள்ளவர் போலத் தோன்றுவார். அந்த இரக்கத்தின் விலையைக் கொடுப்பவன் கடைசிக் கட்டிலிற் படுத்திருக்கும் சின்னப்பையன். மதிலேறிச் சாவுவீட்டுக்குப் போனவன்மீது பாய்ந்து, உள்ளே கொடுமை செய்பவனை விட்டுவைக்கும் இல்லங்களைப் பற்றி நான் கேள்விப்பட்டிருக்கிறேன். முன்னையது வெளியிலே தெரிகிறது, கணக்குக் காட்ட வேண்டியிருக்கிறது. பின்னையது தெரிவதில்லை. வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

பொறுப்பாளர்களின் தொல்லையும் சிறிதன்று. பகலில் ஒருவர், இரவில் ஒருவர் என்று வைத்துக்கொண்டு இருபது இளைஞரைக் காப்பது எளிதா? ஒருவன் காணாமற்போனால் முதலில் விளக்கம் கேட்கப்படுபவர் அவரே. அவர் அவசரப்பட்டுத் ‘தப்பியோடினார்’ என்று எழுதுவதில் தற்காப்பும் கலந்திருக்கிறது. ஆகவே அந்தப் பதிவேட்டில் இன்னும் ஒரு நிரல் வேண்டும் என்று ஓர் ஆசிரியனின் பழக்கத்தோடு கேட்கிறேன். என்ன நடந்தது என்ற நிரலுக்குப் பக்கத்தில், அவன் என்ன சொன்னான் என்று எழுத ஓரிடம். அவன் மொழியிலேயே எழுதப்படட்டும். தமிழ் தெரிந்த ஒருவர் இல்லத்தில் இல்லையென்றால் தொலைபேசியில் அழைத்துக் கேட்க ஓர் எண்ணாவது சுவரில் இருக்கட்டும், அந்த விதிப் பலகையின் பக்கத்திலேயே.

தோட்டங்களில் உள்ளோருக்கும் ஒரு சொல். இல்லத்தில் உங்கள் பிள்ளை இருந்தால், தீபாவளி, தைப்பொங்கல், கோயில் திருவிழா ஆகியவற்றின் நாட்களை முன்னதாகவே எழுதி நன்னடத்தை உத்தியோகத்தரிடம் கொடுங்கள். திருவிழா நாளில் மதிலேறுவோரே பலர். முன்கூட்டிக் கேட்டால் அனுமதி கிடைக்க வழியுண்டு. கிடைக்காவிட்டாலும் ஏன் இல்லை என்று பிள்ளைக்குச் சொல்ல ஒருவர் இருப்பார். வீட்டிற் சாவோ கடும்நோயோ நேர்ந்தால், பிள்ளையின் நண்பனுக்குச் சொல்லியனுப்பாமல் உத்தியோகத்தருக்கும் இல்லத்துக்கும் நேரே சொல்லுங்கள். தொலைபேசி எண்களைக் கடிதத்தில் எழுதிச் சுவாமி படத்துக்குப் பின்னால் வைத்திருங்கள்.

பாடசாலைகளைப் பொறுத்தவரை, இல்லத்துக்குச் சென்ற பிள்ளையின் பெயரை நெடுநாள் வரவின்மை என்று இடாப்பிலிருந்து வெட்டிவிடும் வழக்கத்தை அதிபர் நண்பர்கள் கைவிட வேண்டுகிறேன். சாதாரண தரப் பரீட்சைக்கு அவன் அங்கிருந்தே தோற்றக்கூடும். அதற்கான விண்ணப்பத்தில் ஒப்பமிட யாரேனும் வேண்டும். புத்தகங்களையும் பழைய வினாத்தாள்களையும் உத்தியோகத்தரின் கையிற் கொடுத்தனுப்பலாம். அவர் எப்படியும் மாதமொருமுறை அங்கே போகிறவர்.